ஊசிமலை அபாயச் சங்கம்

எங்கோ வடக்குக் கடலில் ஒரு பெரிய கப்பல் பனிப்பாறையில் மோதி முழுகிப்போனதற்கும், மடுல்சீமைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் தப்படிக்கிற அழகையாவுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. அழகையா கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை. பதின்மூன்று வயதில் தொண்டியில் தோணியேறியபோது, அதுவும் பாதி நேரம் தலையைக் கவிழ்த்து வாந்தி எடுத்துக்கொண்டே பார்த்தார். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடமாகக் கடலும் அவரைத் தேடவில்லை, அவரும் கடலைத் தேடவில்லை.

ஆனால் தோட்டத்துப் பெரிய துரை பத்திரிகை படிக்கிறவர். ஒரு வாரம் பிந்தி வந்த பத்திரிகையில், முழுகுகிற கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்திக்காரன் ஒன்பது தட்டுத் தட்டினான் என்று போட்டிருந்தது. குட்டையாக மூன்று, நீளமாக மூன்று, மறுபடி குட்டையாக மூன்று. துரை அதை மூன்று தடவை படித்தார். ஊசிமலை எந்தக் கப்பலையும்விடப் பெரியது. கப்பலுக்கு உள்ள மரியாதை தோட்டத்துக்கு இல்லாமல் போவதா என்று அன்று மாலையே தீர்மானித்துவிட்டார்.

அக்கம்பக்கத்து நான்கு தோட்டத் துரைமார் சேர்ந்து ஏற்கெனவே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அது டென்னிஸ் சங்கம். போன மழையில் டென்னிஸ் மைதானம் வலையோடும் நாற்காலியோடும் பள்ளத்தில் இறங்கிப்போனதிலிருந்து சங்கத்துக்கு வேலை இல்லாமல் இருந்தது. மைதானம் ஏன் இறங்கியது என்று யாரும் விசாரிக்கவில்லை. பந்தாட இடம் இல்லாததால் பெயரை மட்டும் அபாயச் சங்கம் என்று மாற்றிக்கொண்டு, அதே சனிக்கிழமை, அதே நேரத்தில், அதே புட்டியைத் திறந்துகொண்டு கூடினார்கள்.

அழகையாவைக் கூப்பிட்டுத் துரை பிரம்பால் மேசையில் தட்டிக் காட்டினார். குட்டையானவை உடனே வந்துவிட்டன. நீளமானவைதான் வரவில்லை. தப்பில் ஓர் அடியைப் பலமாக அடிக்கலாம், மெதுவாக அடிக்கலாம், நீளமாக அடிக்க முடியாது. இதை அழகையா பணிவாகச் சொன்னார். சங்கம் இரண்டு சனிக்கிழமை யோசித்தது. கடைசியில், நீள அடி என்பது ஒரு குட்டை அடியை அடித்துவிட்டு, குச்சியை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது என்று முடிவாயிற்று. அன்று முதல் அழகையா அந்த மூன்று அடியின்போது பிள்ளையார் முன் தோப்புக்கரணத்துக்குத் தயாராகிறவரைப் போல நின்றார். அவர் மனைவி இராக்கம்மா முதல் தடவை பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூலியாட்களின் வரிசை வீடான லயத்துக்குள்ளே போய்விட்டாள்.

அடி பழகியதும் அழகையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தோட்டத்தில் தப்பு பேசும். விடியலில் பெரட்டுத் தப்பு அடித்தால் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறது என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். சாவுக்கு ஒன்று, காமன் கூத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஒரு முறை அரிசித் தப்பு. அதைக் கேட்டால் ஓடையைத் தாண்டி எதிர்மேட்டில் இருக்கும் அரிசி ஸ்டோருக்கு எல்லாரும் போக வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். செத்துப்போன இரண்டு பேர் எட்டு மாதமாக அரிசி வாங்கிக்கொண்டிருந்தது ஒரு காலத்தில் அகப்பட்டுப் போனதால், தலையைக் கொண்டுவந்து காட்டாதவருக்கு அரிசி அளப்பதில்லை என்று பெரிய கிளாக்கர் சட்டம் போட்டிருந்தார். தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும், எழுந்திருக்க முடியாத கிழவனை முதுகில் சுமந்துகொண்டும் போய்க் காட்டிவிட்டு வருவார்கள்.

ஆகவே அழகையா துரையிடம் கேட்டார், இந்த ஒன்பது அடி என்ன சொல்கிறது என்று.

துரைக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லுகிற பழக்கமும் அவருக்கு இல்லை. சங்கத்தைக் கூட்டினார். எங்கள் ஆன்மாவைக் காப்பாற்றுங்கள் என்று அர்த்தம் என்றார் இரண்டாம் துரை. ஆன்மா பாதிரியாரின் இலாகா, அதில் தோட்டம் தலையிட்டால் கடிதம் வரும் என்று மூன்றாம் துரை தடுத்தார். எங்கள் கப்பலைக் காப்பாற்றுங்கள் என்றுதான் தாம் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். தோட்டத்தில் கப்பல் இருக்கிறதா என்று பெரிய கிளாக்கரைக் கொண்டு சாமான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லை. நான்காம் துரை தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்சேபம் இல்லை என்று பதிவாயிற்று.

இப்படி ஒரு மாதம் போனது. பதுளையிலிருந்து தோட்டத்துக்கு அரிசி கொண்டுவரும் வியாபாரி மர்ஸூக் நானாவிடம் அழகையா இதைச் சொல்லி வைத்திருந்தார். நானாவின் கடை தந்தி ஆபீசுக்கு நேரே எதிர்ப்புறம். அடுத்த முறை மூட்டை இறக்க வந்தபோது சமாச்சாரம் கொண்டுவந்தார்.

"தந்தி மாஸ்டர்ட்ட கேட்டுப் பாத்தன் அழகையா. அதுக்கு அர்த்தம் ஒண்டுமில்லயாம். தட்டுறதுக்கு லேசு, வேற எதோடயும் கொழம்பாது. அதுக்காக எடுத்ததாம்."

"அர்த்தமே இல்லாததுக்கு ஆளுங்க எப்படிங்க நானா ஓடி வருவாங்க?"

"கப்பல்காரனுக்கு அதக் கேட்டா ஓடணுமெண்டு செல்லிக் குடுத்தீக்கிறாங்க. ஒங்கட ஆக்களுக்கு என்ன செல்லிக் குடுக்கப் போறாங்களெண்டு பாரு. விசயம் அதுலதான் ஈக்கி."

அழகையா இதைத் துரையிடம் ஒப்பித்தார். சங்கத்துக்கு மிகுந்த நிம்மதி. பொருள்: இல்லை, பயன்: பின்னர் அறிவிக்கப்படும் என்று கிளாக்கர் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார்.

பயன் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஒத்திகை வந்துவிட்டது. அழகையா ஒன்பது அடி அடித்தார், குச்சியைத் தூக்கினார், எண்ணினார். அழகையா குடியிருந்த, அவர் தப்பு எட்டுகிற ஒரே லயமான ஐந்தாம் லயத்து ஆட்கள் மெதுவாக வந்து அவரைச் சுற்றி நின்று, யாருப்பா போயிட்டது என்று விசாரித்தார்கள். யாரும் சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிழவி ஒப்பாரியை ஆரம்பித்தாள். வேறு இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். யாருக்காக அழுகிறோம் என்று தெரியாததால் பொதுவாக நல்லவர் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். துரைக்கு மனம் புண்பட்டுப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை பயன் அறிவிக்கப்பட்டது. கப்பலில் இத்தனை பேர் செத்ததற்குக் காரணம் தண்ணீர் அல்ல, கண்டபடி ஓடியதுதான் என்று துரை தம்முடைய ஆராய்ச்சியைச் சொன்னார். ஆகவே ஒன்பது அடியைக் கேட்டதும் ஒவ்வொருவரும் லயத்தில் தன் ஒற்றையறையான காம்பராவின் வாசலுக்கு முன்னால் வந்து, கையைக் கட்டி, வாயை மூடி நிற்க வேண்டும். வந்திருப்பது இன்ன அபாயம் என்று அதிகாரி ஒருவர் வந்து விளக்குகிறவரை அசையக் கூடாது. அசைந்தவருக்கு அன்றைய பேர் கிடையாது, அதாவது அன்று வேலை செய்யாதவராகவே எண்ணப்படுவார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒத்திகை நடந்தது. ஐந்தாம் லயத்தில் இருபது காம்பரா, அழகையாவைச் சேர்க்காமல் தொண்ணூற்றுமூன்று உயிர். ஆறு மாதத்தில் அவர்கள் நட்டுவைத்த கல்லைப்போல நிற்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் ஒத்திகை நேரத்தில் ஒரு காம்பராவில் கஞ்சி பொங்கி, கொள்ளிக்கட்டை சரிந்து, ஓலைப்பாய் தீப்பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரி நகரவில்லை. துரை அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இனி மிச்சம் இருந்தது, இதை அடிக்க யாருக்கு அதிகாரம் என்பது. தப்படிக்கிறவன் தன் புத்திக்கு எட்டியபடி அடித்துவிட்டால் அபாயத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? நான்கு பிரதி எழுதுகிற ஒரு விண்ணப்பத்தாள் பதுளையில் அச்சடித்து வந்தது. அபாயத்தின் வகை என்ன, தொடங்கிவிட்டதா, தொடங்கவில்லை என்றால் எப்படித் தெரியும், தொடங்கிவிட்டது என்றால் விண்ணப்பிக்க ஏன் தாமதம். பெரிய கங்காணி, கிளாக்கர், துரை மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் அழகையா குச்சியை எடுக்கலாம். கையெழுத்து இல்லாமல் எடுத்தால், துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போக வேண்டியதுதான். துண்டு என்பது, இவனுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை, வேறிடத்தில் வேலை கொடுக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாதவனை மடுல்சீமையிலிருந்து பண்டாரவளை வரை எந்தத் தோட்டமும் வாசலில்கூட நிற்க விடாது. ஐம்பதை எட்டப்போகிற வயதில் அழகையாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஊரில் இருந்த இரண்டு பனைமரமும் யார் பேரிலோ போய் வெகுகாலமாகிறது.

விண்ணப்பத்தாள் கட்டு நனையக் கூடாதென்று ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியை அழகையாவிடமே கொடுத்தார்கள்.

மார்கழி மழை அந்த வருடம் பதினோரு நாள் விடாமல் பெய்தும் ஓயவில்லை. கொழுந்தெடுக்க முடியாமல் எல்லாரும் லயத்தில் முடங்கிக் கிடந்தார்கள். பன்னிரண்டாம் நாள் முற்பகல், மலையிலிருந்து குழாயில் இறங்குகிற பீலித் தண்ணீர் செந்நிறமாக வருகிறதே என்று அழகையா ஐந்தாம் லயத்துக்கு மேலே ஏறிப் பார்த்தார். மலையின் தோளில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காலை விட்டுப் பார்த்தார், முழங்கால்வரை போயிற்று. வெடிப்புக்குக் கீழே இருந்த தேயிலைச் செடியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, லயத்தை எட்டிப் பார்ப்பதுபோல நின்றன.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

பெரிய கங்காணி வீரசிங்கம் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவே கொஞ்ச நேரமாயிற்று. மலை எப்போது வரும் என்று கேட்டார். இன்றைக்கா நாளைக்கா தெரியாது என்றார் அழகையா. நாளைக்கு நடக்கிறதுக்கு இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது வராமல் போனால் தன் கையெழுத்துக்கு என்ன மரியாதை என்று கங்காணி நியாயம் கேட்டார். ஆனாலும் தன் மனைவியையும் மாட்டையும் முன்னெச்சரிக்கையாக மூத்த மகன் இருக்கிற அடுத்த மலைக்கு அனுப்பிவைத்தார். அதற்கு விண்ணப்பம் தேவைப்படவில்லை.

பெரிய கிளாக்கர் வகை என்ற இடத்தில் தடுக்கி நின்றுவிட்டார். தீ, வெள்ளம், நோய், கலகம் என்று நான்குதான் அச்சாகியிருந்தது. மலை இல்லை. வெள்ளம் என்று போடலாம். ஆனால் வருவது மண். மண்ணை வெள்ளம் என்று எழுதுவது பொய்க்கணக்கு ஆகிவிடும் என்று அவர் மனசாட்சி உறுத்தியது. ஐந்தாவதாக ஒரு வகை சேர்க்கச் சங்கம் கூட வேண்டும். இன்றைக்குப் புதன்.

பங்களாவில் துரை கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அழகையா சொட்டச் சொட்ட வாசலில் நின்று சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை.

"அந்த மலை நான் வெட்டினது அழகையா. காடு மொத்தம் நான்தான் எடுத்தேன். ஒரு மரம், ஒரு வேர், ஒரு கல்லு விடல. இப்ப அதில ஒன்னும் இல்ல. ஒன்னும் இல்லாத மலையில எது விழும்?"

அழகையா, மலையேதான் விழும்போல இருக்கு தொரை என்றார். அது விண்ணப்பத்தாளில் இல்லை என்று துரை அன்பாகச் சொல்லி, நனைந்திருக்கிறாய், போய் அடுப்பில் காய் என்று அனுப்பினார்.

இறங்கி வருகிற வழியில் அழகையாவுக்கு ஒரு கண்ணில் துண்டு தெரிந்தது, மறுகண்ணில் இராக்கம்மா தெரிந்தாள். போகிறது, துண்டு போனால் போகட்டும், அடித்துவிடுவோம் என்று துணிந்துவிட்டார். துணிந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. ஒன்பது அடி அடித்தால் தொண்ணூற்றுமூன்று பேரும் என்ன செய்வார்கள்? வாசலுக்கு வந்து, கையைக் கட்டி, வாயை மூடி, மலைக்குக் கீழே நட்டகல்லாக நிற்பார்கள். மலை வந்து விளக்குகிறவரை நிற்பார்கள். வாயால் கத்திச் சொல்லலாம். இந்த மழையில் தொண்டை எத்தனை காம்பராவுக்கு எட்டும்? எட்டினாலும், வாய்ச்சொல்லைக் கேட்டு நகர்ந்தவருக்குப் பேர் போகும் என்பது ஆறு மாதப் பாடம்.

ஓடையைத் தாண்டி எதிர்மேட்டுக்குப் போனார். அரிசி ஸ்டோர்த் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த தப்பை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஈரத்தில் தோல் தொங்கிப்போய், நனைந்த சாக்கைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. தப்பைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகும். பதினோரு நாள் மழையில் தோட்டம் முழுதும் காய்ந்த சுள்ளி ஒன்று கிடையாது, காய்ந்த ஓலை கிடையாது. காய்ந்தது என்று ஊசிமலையில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அழகையா தகரப் பெட்டியைத் திறந்தார்.

நல்ல தாள். ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டது. நாலு பிரதியும் சேர்ந்து எரிந்தபோது தோல் விண்ணென்று இறுகியது.

அரிசித் தப்பை அடித்தார்.

வார அரிசி திங்கட்கிழமைதான் போட்டாகிவிட்டது. புதன்கிழமை அரிசி என்றால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் சந்தேகத்தை ஸ்டோருக்குப் போய் நிவர்த்தி செய்துகொள்ளலாம் என்று எல்லாரும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காய்ச்சல்காரர் கிளம்பினார். பிள்ளை பெற்று ஆறு நாளான ராசம்மா பச்சைக்குழந்தையைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள். எழுந்திருக்காத கிழவனைக் கட்டிலோடு தூக்கினார்கள். தலையைக் காட்டாவிட்டால் அரிசி இல்லையே. கடைசிக் காம்பராவில் ஒரு கோழி மட்டும் தங்கிற்று. அதற்கு அரிசியில் பங்கு கிடையாது.

ஸ்டோர் பூட்டியிருந்தது. தொண்ணூற்றுமூன்று பேரும் மழையில் நின்று அழகையாவைப் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தவள் இராக்கம்மாதான்.

"ஏன் மனுசா, ஒனக்குப் புத்தி கித்தி மாறிப்போச்சா? ஆறு நாளு பச்ச ஒடம்புக்காரிய நனைய வச்சு வெளையாடுறியே, இத நான் போயி யாருகிட்ட..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. எதிரே, ஐந்தாம் லயத்துக்கு மேலே, தேயிலை ஒரு கம்பளத்தை இழுப்பதுபோல நகர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. இருபது காம்பராவும் ஒரு நிமிஷம்கூட எதிர்த்து நிற்கவில்லை. எல்லாம் முடிந்தபோது அங்கே லயமும் இல்லை, அதற்குப் பின்னால் மலையும் அவ்வளவாக இல்லை. ராசம்மாவின் குழந்தை மட்டும் அழுதது. மற்றவர்கள் சாக்கைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார்கள்.

தொண்ணூற்றுமூன்று பேரையும் தேயிலை ஸ்டோரின் மேல்தட்டில், இலை வாட்டுகிற இடத்தில் ஏற்றினார்கள். மூன்றாம் நாளே துரை கவலைப்பட ஆரம்பித்தார். இலை வாடவில்லை, பிள்ளைகள்தான் வாடுகிறார்கள், தூளில் மூத்திர வாசனை வருகிறது என்று தேயிலை ருசி பார்க்கிறவர் போலத் துல்லியமாக முகர்ந்து சொன்னார். சனிக்கிழமை சங்கம் அந்த ஸ்டோர் முற்றத்தில் ஆட்கள் எல்லாரையும் கூட்டி விசாரணை வைத்தது.

விண்ணப்பம் எங்கே என்று கேட்டார்கள். பயன்படுத்திவிட்டேன் என்றார் அழகையா. நாலு பிரதியுமா என்றார்கள். நாலும்தான், அந்தக் கட்டிலிருந்து ஒரு தாள்கூட மிச்சமில்லை என்றார். கிளாக்கர் தலையை ஆட்டி, நடைமுறை பூரணமாகப் பின்பற்றப்பட்டது என்று எழுதினார். அடுத்தது பொய்யாக அரிசித் தப்பு அடித்த குற்றம். அதை அழகையா ஒப்புக்கொண்டார். துண்டு இல்லாமல் அனுப்புவது என்று முடிவாகப்போகும் நேரத்தில் பெரிய கங்காணி வீரசிங்கம், இடிந்த லயத்துக்குப் பதில் தற்காலிகக் குடிசைக்குத் தகரம் வேண்டும் என்று எழுந்தார். சங்கத்திடம் அபாய காலத்துக்கென்று வாங்கிய நூற்றிருபது தகரம் இருந்தது.

அங்கேதான் சிக்கல். அபாயம் பதிவானால் மட்டுமே தகரம் வெளியே வரலாம். துரை புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒன்பது அடி அடிக்கல. அடிக்கலன்னா அபாயம் வரல. இந்தப் புஸ்தகத்தில அஞ்சாம் லயம் நிக்குது. நிக்கிற லயத்துக்கு எதுக்குத் தகரம்?"

இரண்டாம் துரையும் மூன்றாம் துரையும் இதை மறுக்க முடியாது என்றார்கள். நான்காமவர் தூக்கத்திலேயே ஆமோதித்தார். கிளாக்கர்தான் வழி கண்டுபிடித்தார். இன்றைக்கே அழகையா அந்த ஒன்பது அடியை முறைப்படி அடித்து, ஆட்கள் முறைப்படி நின்று, யார் எந்த வாசலில் நின்றார் என்று எழுதுகிற வாசல் பதிவேட்டில் ஏறிவிட்டால் அபாயம் வந்ததாகிவிடும். தகரமும் கிடைக்கும், அரிசிக் குற்றத்தையும் தள்ளிவிடலாம்.

"இப்ப அடிச்சா எங்கங்க நிப்பாங்க?" என்றார் அழகையா.

"அவங்கவங்க காம்பரா வாசல்ல. விதி அதுதானே," என்றார் கிளாக்கர்.

அழகையா தப்பைத் தரையில் வைத்துவிட்டார். துண்டு வேண்டாம், நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். கூட்டத்திலிருந்து இராக்கம்மா அவர் பக்கத்தில் வந்து, தப்பை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"அடிங்க. ராசம்மா பிள்ளைக்கு சளி கட்டியிருக்கு. தகரம் வேணும்."

அடித்தார். குட்டையாக மூன்று. பிறகு ஓர் அடி அடித்து, குச்சியை நெற்றிக்கு நேரே தூக்கி மூன்று எண்ணி, அப்படியே மூன்று தடவை. மறுபடி குட்டையாக மூன்று. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தொண்ணூற்றுமூன்று பேரும் ஓடையைத் தாண்டிப் போய்ச் சேற்றில் இறங்கினார்கள். முழங்கால்வரை புதைந்து நடந்து, அவரவர் வாசல் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து, கையைக் கட்டி, வாயை மூடி வரிசையாக நின்றார்கள். ஆறு மாதப் பழக்கம். ஒருவரும் அசையவில்லை. துரை குதிரைமேல் இருந்தபடியே மெச்சிக்கொண்டார். கிளாக்கர் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, பத்தடிக்கு ஒரு காம்பரா என்று கயிற்றால் அளந்துகொண்டே பேர் கூப்பிட்டுப் பதிந்து வந்தார். ஒன்று முதல் பதினாறுவரை சரியாக இருந்தது. பதினேழாம் காம்பரா இராக்கம்மாவுடையது. அவள் இரண்டடி தள்ளிப் பதினெட்டில் நிற்பதாகக் கயிறு காட்டியது. தள்ளி நிற்கச் சொன்னார். அவள் காலைச் சேற்றிலிருந்து உருவித் தள்ளி நின்றாள்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது.

"கதவு?" என்றார் கிளாக்கர்.

"இல்லீங்க," என்றாள் இராக்கம்மா.

கிளாக்கர் துரையைப் பார்த்தார். துரை மலையைப் பார்த்தார். கிளாக்கர் பென்சிலை நாக்கில் தொட்டு, தெளிவான எழுத்தில் எழுதினார்: கதவு திறந்திருந்தது.